ஆஸ்பத்திரி வாசலில் பாட்டு!

கடம்பூர் கரிசல்காட்டில் ஒருவருக்குத் திடீர் என்று நெஞ்சுவலி. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். நிலைமை மோசம் என்றால் அங்கிருந்து பாளையங்கோட்டை! தீவிர சிகிச்சை அறைக்குள் அவரைக் கொண்டு போகிறார்கள். கதவு மூடுகிறது.

உள்ளே இருப்பவருக்கு டாக்டர் இருக்கிறார், நர்சு இருக்கிறார். வெளியே காத்துக் கிடக்கும் மனைவிக்கும் மகனுக்கும் யார் இருக்கிறார்கள்? சோறு இறங்காது. தூக்கம் வராது. கதவு திறந்தாலே நெஞ்சு பதறும். "கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு காகிதம் வரும். படித்தால் மண்டையில் ஏறாது.

இந்தப் படபடப்பை இசை கொஞ்சம் தணிக்கும்.

373 பேர்

அமெரிக்காவில் லிண்டா சிலான் என்ற நர்சு பேராசிரியை இதைச் சோதித்தார். மூச்சு எந்திரம் பொருத்திய நோயாளிகள் 373 பேர். அவர்களில் ஒரு பகுதியினரைப் பிடித்த இசையை வேண்டும்போது கேட்க விட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பயம் குறைவு. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது!

படுத்திருப்பவருக்கே இப்படி என்றால், வாசலில் இருப்பவர் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? மெதுவான இசை மூச்சை நிதானப்படுத்தும். கவலை போய்விடாது. டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கத் தெம்பு வந்தால் போதாதா?

விளக்கேந்திய சீமாட்டி நைட்டிங்கேல் 1859-லேயே நர்சு வேலை பற்றிய புத்தகத்தில் இதை எழுதினார். குரலும் காற்றுக் கருவிகளும் நோயாளிக்கு இதம். பியானோ ஆகாது என்றார். நோயாளி அருகே குசுகுசுப்பதைக் கொடுமை என்றார். (பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கவனிக்க!)

காற்றுக் கருவியைக் கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) வாழ்ந்த ஊர் அல்லவா! 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஒலித்தது அவர் நாதசுரம்தான். பக்கத்தில் நின்றால் காதை அடைக்கும் வாத்தியம். செல்போனில் மெல்ல வைத்தால் அதுவே தாலாட்டு.

எப்படிக் கேட்பது?

ஒரு காதில் மட்டும் கேளுங்கள். மறு காது நர்சு கூப்பிடும் குரலுக்கு! சத்தமாக வைக்க வேண்டாம்; அடுத்த பெஞ்சில் இன்னொரு குடும்பம் கண்ணீரோடு இருக்கும்.

எந்தப் பாட்டு? கோவில் பாட்டோ, சினிமாப் பாட்டோ, வில்லுப்பாட்டோ, அவரவருக்குப் பிடித்தது. அம்மா கேட்பதை மகன் முடிவு செய்யக் கூடாது. அம்மாவைக் கேட்க வேண்டும். பழைய நினைவைக் கிளறி அழ வைத்தால் நிறுத்திவிடலாம்.

உள்ளே இருப்பவருக்கும் பாட்டு வைக்கலாமா? நர்சிடம் கேட்காமல் கூடாது. எந்திரங்களின் எச்சரிக்கை மணி அவர் காதில் விழ வேண்டும்.