குறைந்தது கொழுப்பா, தசையா?

தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று ஒரு காலத்தில் தேவைப்படவில்லை. விறகுக்கட்டைத் தலையில் வைத்து மேடேறுவது, காபிப்பழ மூட்டையைச் சுமந்து இறங்குவது, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பது என அன்றாட வேலையே பளுவும் நடையுமாக இருந்தது. இப்போது காஸ் அடுப்பும் பைக்கும் வந்துவிட்டன. சாமையும் கேழ்வரகும் இருந்த தட்டில் வெள்ளை அரிசி உட்கார்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள். 2015-16 ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9 சதவீதம்தான். உடம்போடு சேர்ந்து எடைக்குறைப்பு வியாபாரமும் பெருத்துவிட்டது. ஓட்டம், நடை போன்ற கார்டியோ செய்தால்தான் கரையும் என்கிறார் ஒருவர், வெயிட் தூக்கினால்தான் இறங்கும் என்கிறார் இன்னொருவர். கேட்டுக்கொண்டு நிற்பவர் யாரோ ஒருவரிடம் பணத்தைக் கட்டிவிடுகிறார். கட்டுவதற்கு முன் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: குறையப்போவது எது?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்பில்லாத, அதிக எடை கொண்ட 119 பேர் மூன்று குழுக்களாக எட்டு மாதம் பயிற்சி செய்தார்கள். கார்டியோ மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 1.8 கிலோ குறைந்தது. பளு மட்டும் தூக்கியவர்களுக்கு 0.8 கிலோ கூடியது. கார்டியோ ஜெயித்துவிட்டது என்று இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் பளு தூக்கியவர்களுக்குக் கூடியது கொழுப்பல்ல, தசை. இரண்டையும் செய்தவர்களுக்குச் சுமார் 2.4 கிலோ கொழுப்பு போனது, தசையும் கூடியது. அதற்கு அவர்கள் இரண்டு மடங்கு நேரம் செலவழித்தார்கள். எட்டு மாத உழைப்புக்கு இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். சாப்பாட்டில் கை வைக்காத பயிற்சி எதுவும் எடையைப் பெரிதாக இறக்குவதில்லை. எந்த ஜிம்மும் இதைப் பலகையில் எழுதி வைக்காது.

சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 65 வயதோ அதற்கு மேலோ ஆன, பருமனான 160 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு எந்தப் பயிற்சி செய்தாலும் எடை ஒரே அளவில், சுமார் 9 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் உள்ளே இருந்தது. கார்டியோ மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள், பளு தூக்கியவர்கள் 2 சதவீதத்தை. எடை மெஷின் இருவருக்கும் ஒரே மார்க்தான் போட்டிருக்கும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. நம் நாட்டவருக்கு அந்தக் கையிருப்பே குறைவு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.3, யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரிபவருக்கே இந்த நிலை என்றால், பட்டினி கிடந்து தசையைக் கரைத்து எடை குறைப்பது நீரிழிவுக்கு வழிவிடுவதுதான்.

மலையில் இருக்கிறோம், தினமும் ஏறி இறங்குகிறோம், அது போதாதா என்று கேட்கலாம். ஓரளவு போதும். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் 45 பேரை இரண்டு மாதம் ஏறவிட்டு ரோப்காரில் இறக்கினார்கள். இன்னொரு இரண்டு மாதம் ரோப்காரில் ஏற்றி நடந்து இறங்கச் செய்தார்கள். ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது. இறங்கியபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கூடுதலாக மேம்பட்டது. இறங்கும்போது தொடைத்தசை இழுபட்டுக்கொண்டே எடையைத் தாங்குவதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இறக்கத்தில் நிதானமாகப் போக வேண்டும். தோள், முதுகு, கைகளுக்கு மலைப்பாதை எதுவும் செய்யாது. அவற்றுக்குத் தண்டால் வேண்டும், குடத்தில் தண்ணீர் நிறைத்துத் தூக்கினாலும் சரி. கால்களுக்குப் பஸ்கியும் தோப்புக்கரணமும் உண்டு. வாரம் 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத் தலைச்சோலைக்காரர் முடிக்கச் சேலத்துக்கு இறங்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபம் பயத்தில் பிறந்தது. 2021 அக்டோபரில் நடிகர் புனித் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பின் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபின், ஜிம் என்றாலே நெஞ்சைப் பிடிப்பவர்கள் பெருகினார்கள். பயிற்சி செய்யாத இதயத்துக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் கண்டுபிடிக்காத ரத்த அழுத்தத்தோடு, முதல் நாளே மூச்சடக்கிக் கனமான பளுவைத் தூக்குவது நிஜமான ஆபத்து. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். முதலில் அதைச் செய்யுங்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண்கள் பளு தூக்கினால் ஆண்போல ஆகிவிடுவார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை: ஆகமாட்டார்கள்.

இனி, '30 நாளில் 10 கிலோ' விளம்பரத்துக்கு வருவோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பத்துக் கிலோவை 30 நாளில் கரைக்க நாளுக்கு ஏறக்குறைய 2,570 கலோரி பற்றாக்குறை வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் நாள் முழுத் தேவையே 1,660 கலோரி, ஆணுக்கு 2,110 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கு. அவர்கள் முழுப்பட்டினி கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது. இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீரும் தசையும். எடை இறங்கியே விட்டாலும் அந்த வாக்குறுதி பொய்தான்.

தவறான விளம்பரத்துக்கு எதிராகப் புகார் செய்யும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். உடற்பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். புரோட்டீன் பவுடர் டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். தசைக்காக அந்தப் பவுடரே வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. ரசீது தர மறுப்பதும், குறையுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறை. சேர்ந்தபின் மனம் மாறியது என்பதற்காக மட்டும் பணம் கேட்க முடியாது; சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்று காட்ட வேண்டும். அதற்கு விளம்பர நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற எண்ணில் இலவசமாகப் புகாரைப் பதியலாம். தீரவில்லையென்றால், ஜிம் எந்த ஊரில் இருந்தாலும் தலைச்சோலைக்காரர் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.