ஆலப்புழையின் நீர்வீதிகள்

ஆலப்புழையைக் கீழைநாட்டு வெனிஸ் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வெனிஸைக் கண்டிராத நம்மவர்க்கு அவ்வொப்புமையால் பயன் யாதுமில்லை. ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் அந்நகரில் இறங்கிய நாங்கள், ஆடம்பரப் படகுவீடுகளை நாடாது, கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் நெடுமுடிக்குச் சீட்டு வாங்கி அமர்ந்தோம். 1968-இல் தோன்றிய அத்துறைக்கு ஆலப்புழையே தலைமையிடம்.

திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் இங்குத் துறைமுகத்தை வளர்த்தபோது, உள்நாட்டுச் சரக்கைக் கடற்கரைக்குச் சேர்த்தவை இந்நகரத்துக் கால்வாய்களே. இன்று துறைமுகம் ஓய்ந்துவிட்டது. கால்வாயில் ஆகாயத் தாமரை மண்டிக்கிடக்கிறது.

படகின் முன்புறத்தில் நின்று சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு. இயந்திரமோ வேறொருவர் பொறுப்பில். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிக்க, அதைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். லாஸ்கர் எனப்படும் ஊழியர் துறைதோறும் வடத்தை வீசிப் பிணைக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் படகு நிற்குமுன்னரே கரைக்குத் தாவிவிடுகின்றனர். நம் குழந்தைகள் அதனைக் கண்டு வாய்பிளந்தனர். தாய்மார்களோ கண்களை மூடிக்கொண்டனர்!

புன்னமடையைக் கடந்ததும் வேறோர் உலகம். வயல்கள் நீர்மட்டத்திற்குக் கீழே கிடக்கின்றன. அவற்றைக் காக்கும் வரப்பின்மீதே வீடுகள். எரிவாயு உருளை, கட்டில், செங்கல் யாவும் சிறு வள்ளங்களில் செல்கின்றன. பல இடங்களில் குடிநீரும் அவ்வாறே வருகிறது. சுற்றிலும் நீர், குடத்திலோ வறட்சி! நோயாளிகளுக்கு நீர் ஆம்புலன்ஸ் உண்டு.

முன்னாளில் நெல் சுமந்தவை கெட்டுவள்ளங்கள். ஆணியின்றி, அயினிப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் பிணைத்துக் கட்டப்பட்டவை. சாலைகள் வந்தபின் வேலையிழந்த அவை, 1990-களிலிருந்து படகுவீடுகளாயின. அதனால் பலருக்குப் பிழைப்புக் கிட்டியது மெய்யே. ஆயினும் நாங்கள் கண்டது ஒன்று: படித்துறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கிண்ணத்தை, விரைந்து சென்ற படகுவீட்டின் அலை இழுத்துப் போயிற்று. மாடியில் நின்றவர்கள் கையசைத்தனர். அவர் பதிலுக்குக் கையசைக்கவில்லை.

ஆகாயத் தாமரையின் வேர் விசிறியில் சிக்கவே, நம் படகு சற்று நின்றது. வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970-களில் இயங்கத் தொடங்கியது முதல், கோடையில் உவர்நீர் முன்போல் உட்புகுவதில்லை. நெல்லுக்கு அது நன்மை. உவரில் மடியும் இக்களைக்கும் அதுவே நன்மையாயிற்று.

எங்கள் அருகிலிருந்த மூதாட்டி மட்டும் பதற்றமுற்றார். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறாராம். "இந்தப் போட்டு தாமதித்தால், நெடுமுடியில் மறு போட்டு போய்விடும், மோளே" என்று நம் பெண்ணிடம் கூறினார். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது இத்தகைய படகொன்றுதான் தம்மை ஆலப்புழைக்குக் கொண்டுசேர்த்தது என்றும் சொன்னார்.

களையை அறுத்தெறிந்தபின் படகு நகர்ந்தது. நெடுமுடித் துறையில் மறு படகு புறப்படவிருந்தது. நம் ஸ்ராங்கு உரக்கக் குரல் கொடுக்க, அவர்கள் காத்து நின்றனர். லாஸ்கர் மருந்துப் பையை ஒரு கையிலும் மூதாட்டியை மறு கையிலுமாகப் பற்றி ஏற்றிவிட்டார்.