200 எம்பிபிஎஸ் பிளான்... வீட்டில் 40தான் வருதா? பழைய ரவுட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள்!

மொபைலில் 'பஃபரிங்' வட்டம் சுற்ற ஆரம்பித்தால் போதும், வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். "யாரு டவுன்லோடு போட்டிருக்கா?" என்பார் அப்பா. "தம்பிதான் கேம் ஆடுறான்" என்று அக்கா போட்டுக்கொடுப்பாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுவார்கள். 'மாசம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை' என்று பெரிய பிளானுக்கு மாறுவார்கள். அப்போதும் அந்த வட்டம் நிற்காது.

காரணம், பல வீடுகளில் வேகம் தெருவில் குறைவதில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் குறைகிறது. தெருக்குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்தாலும், வீட்டுக் குழாய் துருப்பிடித்திருந்தால் வாளி நிறையாது, இல்லையா? இங்கே அந்தத் துருப்பிடித்த குழாய், டி.வி-க்குப் பின்னால் பல வருடங்களாகத் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டராக இருக்கலாம்.

10 நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்!

பிளானை மாற்றும் முன் இந்த 3 சோதனைகளைச் செய்துபாருங்கள். ட்ராயின் 'மைஸ்பீடு' போன்ற ஏதாவது ஒரு வேகப் பரிசோதனைச் செயலி போதும். (இங்கே எம்பிபிஎஸ் என்பது டாக்டர் படிப்பு அல்ல, இணைய வேகத்தின் அளவு!)

1. மற்ற போன்கள், டி.வி-யின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் நின்று 3 முறை வேகத்தைப் பாருங்கள். பிறகு படுக்கையறையில் பாருங்கள். அருகில் நன்றாக வந்து அறையில் மட்டும் விழுந்தால், சிக்கல் சிக்னல் எட்டாததுதான். பெரிய பிளான் போட்டாலும் அந்த அறையில் பெரிதாக எதுவும் மாறாது. சோதிக்கும் போன் பழையதாக இருந்தால் இன்னொரு போனிலும் பார்த்துவிடுங்கள்.

2. அருகிலேயே வேகம் குறைவு என்றால், லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் இணைப்பில் குறையில்லை. வைஃபை பகுதிதான் தடுமாறுகிறது. 200 எம்பிபிஎஸ் பிளானில் கேபிளிலும் 90 - 95-ஐத் தாண்டவே இல்லையா? ரவுட்டரின் போர்ட்டோ, கேபிளோ, லேப்டாப்பின் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வகை என்பதற்கான அடையாளம் அது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

3. ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், லேப்டாப்பை நேரடியாக ஃபைபர் பாக்ஸில் இணைத்துப் பாருங்கள். (சில இணைப்புகளில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியிருக்கும்.) அங்கேயும் குறைவாக வந்தால் தவறு லைனில்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ரவுட்டரில் என்ன பிரச்னை?

பழைய, விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீடு, மாடி வீடு என எல்லோருடைய வைஃபையும் அதே பாதையில்தான் நெருக்கியடித்துப் போகிறது. புளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும்கூட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. அட்டைப்பெட்டியில் '300 எம்பிபிஎஸ்' என்று அச்சிட்டிருந்தாலும், அது வைஃபையின் ஏட்டளவு வேகம். அத்தகைய ரவுட்டர்களின் போர்ட்டுகள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வகைதான்.

வேகத்தைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. ரவுட்டருக்கும் போனைப் போலவே மென்பொருள் அப்டேட் உண்டு. வயதான மாடல்களுக்கு நிறுவனங்கள் அதை நிறுத்திவிடும். 2018-ல் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்தது. ரவுட்டர் தவறானவர் கையில் சிக்கினால், வங்கி இணையதளம் என நினைத்துப் போலித் தளத்துக்குள் நுழையும் ஆபத்தும் இருக்கிறது.

செலவில்லாத வைத்தியம்

* ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், தோள் உயரத்தில் வையுங்கள். கான்கிரீட் சுவர், பீரோ, மீன்தொட்டி மூன்றும் சிக்னலுக்கு எதிரிகள்.

* கையில் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறதா? காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால், அடாப்டர் பழுதாகியிருக்கலாம். அதே வோல்ட், அதே ஆம்பியர் அளவுள்ள அடாப்டரை மாற்றினாலே சரியாகிவிடக்கூடும்.

* 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால், அருகில் இருக்கும் போன், டி.வி-யை அதில் இணையுங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டும் சக்தி குறைவு. தூரத்து அறைக்கு 2.4-ஏ சரி. அதிலும் சேனலை 1, 6, 11 என மாற்றி, எது நெரிசல் குறைவு என்று பாருங்கள்.

* அட்மின் பக்கத்தில் மென்பொருள் அப்டேட் செய்து, அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றுங்கள். பக்கத்து வீட்டு இலவச விருந்தாளிகளும் வெளியேறிவிடுவார்கள்!

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் ஏறவில்லை, அப்டேட்டும் வருவதில்லை என்றால் மாற்றிவிடலாம். ரவுட்டர் இன்டர்நெட் நிறுவனம் கொடுத்தது என்றால், கடைக்குப் போகும் முன் அவர்களிடமே கேட்டுப்பாருங்கள். இலவசமாகவே மாற்றித்தர வாய்ப்புண்டு.

சொந்தமாக வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: டூயல் பேண்ட், கிகாபிட் போர்ட், டபிள்யூபிஏ3 பாதுகாப்பு. சாதாரண வீட்டுக்கு 2019-ல் அறிமுகமான வைஃபை 6 தாராளம். மாடி வீடு, நீளமான வீடு என்றால் ஒரே பெரிய ரவுட்டரைவிட, 2 கருவிகள் கொண்ட மெஷ் அமைப்பு நல்லது. உங்கள் ஃபைபர் இணைப்போடு பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய ரவுட்டரை அப்படியே குப்பையில் போட வேண்டாம். அதில் உங்கள் பாஸ்வேர்டுகள் பதிந்திருக்கும். பின்பக்க ரீசெட் பட்டனை ஊசியால் 10 நொடிக்கு மேல் அழுத்தி எல்லாவற்றையும் அழித்த பிறகு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

அடுத்த மாத பில் கட்டும் முன் அந்த 3 சோதனைகளையும் ஒருமுறை செய்துவிடுங்கள். வீட்டுக்குள் வந்து சேராத வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதில் என்ன லாபம்?