மலைநாட்டு வீட்டிற்கேற்ற குளியலறை

மஸ்கெலியாத் தோட்டங்களில் வீட்டிற்குள் குளியலறை என்பது அண்மைக் காலத்திலே தோன்றிய வசதியாகும். 10 அடிக்கு 12 அடி கொண்ட லயக் காம்பராவினுள் அடுப்பும் படுக்கையும் ஒருவாறு அடங்கின. குளியல் மட்டும் அடங்கவில்லை. அது பீலிக்கரைக்கு உரியதாயிற்று. ஆண்கள் பகலிற் குளிப்பர். பெண்கள் பாவாடையை மார்பளவு உயர்த்திக் கட்டிக்கொண்டு, விடியுமுன்னரோ இருட்டிய பின்னரோ குளிருக்கு நடுங்கியவாறு குளித்து மீள்வர். அதே காலத்தில் குன்றின்மேல் இருந்த துரை பங்களாவிலோ, எனாமல் பூசிய குளியல் தொட்டியிற் சுடுநீர் நிறைந்திருக்கும். இன்றும் லயங்களில் வாழும் குடும்பங்கள் பல உள்ளன.

இந்நிலை சிறிது சிறிதாக மாறி வருகின்றது. இந்திய அரசின் உதவியுடன் 2016 முதல் மலையகத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்ட தனி வீடுகள் எழத் தொடங்கின. 2017 மே 12 அன்று, மஸ்கெலியாவுக்கு அணித்தான நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தம் உழைப்பாற் சேர்த்த பொருளைக் கொண்டு வீட்டைத் திருத்துவோரும் உளர். இவர்கள் ஹற்றன் கடைகளிலே பளபளக்கும் தொட்டிகளையும் ஷவர்களையும் காணும்போது, எதனை வாங்குவது என்னும் வினா எழுகின்றது. அழகினையும் விலையையும் மட்டும் நோக்கி இவ்வினாவிற்கு விடை காணலாகாது. நீர், வெப்பம், வடிகால், பாதுகாப்பு ஆகிய நான்கினையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

குளியல் தொட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதனைப் போதிய அளவு நிரப்ப ஏறத்தாழ 150 லீற்றர் நீர் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை நிரப்பிக் குளித்தால் 750 லீற்றர் செலவாகும். 500 லீற்றர் தாங்கி மூவர் குளித்தவுடன் வற்றிவிடும். மவுசாகலை நீர்த்தேக்கம் கண்ணெதிரே பரந்து கிடப்பினும், அது மின்னாக்கத்திற்கென அமைந்தது. பழைய மஸ்கெலியா நகரமே அதனுள் மூழ்கியது. வீட்டுக் குழாய்க்கு வருவதோ மலையூற்று நீர். கோடையில் அது மெலிந்துவிடும். நீரை 20 பாகை செல்சியஸ் சூடேற்றுவதாயின், ஒரு தொட்டி நீருக்கு மூன்றரை அலகு மின்சாரம் செலவாகும். 20 லீற்றர் வாளிக்கு அரை அலகே போதும். எனவே தொட்டிக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு பெரிய நீர்த்தாங்கி ஒன்றை அமைத்தலே மேலாகும்.

அடுத்து ஷவர். நீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகின்றது என்பதே இதனைத் தேர்வதற்கு அளவுகோல். கூரையின்மேல் 3 மீற்றர் உயரத்தில் மட்டும் தாங்கி இருப்பின் அமுக்கம் மிகக் குறைவு. அகன்ற ஷவர்த் தலையில் நீர் சொட்டுமேயன்றிப் பொழியாது. அங்கே சிறிய தலையே ஏற்றது. மாறாக, வீட்டிற்கு 60 மீற்றர் மேலுள்ள ஊற்றிலிருந்து குழாய் நேரே வருமாயின், அமுக்கம் இருபது மடங்காகிக் குழாய் இணைப்புகளையும் பிடிகளையும் பிளந்துவிடக் கூடும். இடையில் ஒரு சிறு தாங்கியில் நீரை இறக்கி, அங்கிருந்து வீட்டிற்குக் கொணர்தல் நன்று.

சுடுநீர்க் கருவியை வாங்குவோர் ஒரு கணக்கை நினைவிற் கொள்ளல் வேண்டும். 3500 வாட் கருவி, நீரை 10 பாகை சூடேற்றும்போது நிமிடத்திற்கு 5 லீற்றர் தரும். 20 பாகை சூடேற்ற வேண்டின் இரண்டரை லீற்றரே தரும். ஆதலின் கொழும்பில் இதமாகப் பொழியும் கருவி, ஏறத்தாழ 4000 அடி உயரத்திலுள்ள மஸ்கெலியாவிற் குளிர்ந்த நீரை மெல்லிய இழையாகவே தரும். அக்கருவி 15 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்விளக்குக் கம்பியில் அதனை இணைத்தல் உயிருக்கே இடர். தனிக் கம்பியும், புவியிணைப்பும், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆளியும் இன்றியமையாதன. இவற்றைத் தேர்ந்த மின்வினைஞரே அமைத்தல் வேண்டும். எரிவாயுக் கருவியாயின், அதனை அடைத்த அறையினுள் வைக்கலாகாது. மணமற்ற நச்சுவாயு உயிரைப் போக்கிவிடும். இவ்வசதிகள் இல்லாத வீட்டில், கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பிற் காய்ச்சிய நீரே போதும். வாளியில் முதலிற் குளிர்நீரையும் பின்னர்ச் சுடுநீரையும் ஊற்றினால் குழந்தைகள் சூடுபடுவது தவிர்க்கப்படும்.

தரைக்கு வழுவழுப்பான ஓடுகள் ஆகா. முதியோர் வழுக்கி விழுவர். சொரசொரப்பான ஓடு பதித்து, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தல் நலம். வடிவாயில் எப்போதும் சிறிது நீர் தங்கும் வளைகுழாய் இருப்பின் துர்நாற்றம் உள்ளே ஏறாது. கழிவுநீரைச் சரிவிலே திறந்துவிடுதல் பெருந்தவறு. மலைநாட்டில் அயலார் வீடு கீழே உள்ளது; மேல்வீட்டு அழுக்குநீர் கீழ்வீட்டு வாசலைச் சேரும். அன்றியும், சரிவு மண்ணில் நீர் ஊறுதல் மண்சரிவுக்கு ஏதுவாகும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை மலையகம் மறவாது. கழிவுநீரை மூடிய குழாய் வழியே உறுதியான வடிகாலிற் சேர்த்தல் வேண்டும்.

இவையனைத்திற்கும் முன்னதாக வாங்க வேண்டிய பொருளொன்று உண்டு. அது உறுதியான கதவும் உள்தாழ்ப்பாளுமாகும். காற்றோட்டத்திற்கான சாளரத்தைத் தலைக்கு மேல் உயரத்தில் அமைத்தல் வேண்டும். பீலிக்கரையில் இருளை எதிர்நோக்கிக் காத்திருந்த பெண்ணுக்கு, அச்சமின்றி வேண்டிய நேரத்திற் குளிக்க முடிவதே குளியலறையின் முதற்பயன். கையிலுள்ள பணம் சிறிதாயின் கதவு, தரை, வடிகால், தாங்கி என்னும் ஒழுங்கிற் செலவிடுக. ஷவரும் ஏனைய அணிகலன்களும் பின்னர் வரலாம்.