தாத்தாவின் வால்வு வானொலி: தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரம் முழுவதும் ஒலிக்கும் ஒலிபெருக்கிகளை இன்று இயக்குபவை ட்ரான்சிஸ்டர்கள். ஆனால், 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் ரேடியோ மலாயா தொடங்கியபோது ட்ரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது 1947 டிசம்பரில்தான். அதுவரை ஒலியைப் பெருக்கியவை 'வால்வு' எனப்படும் கண்ணாடிக் குழல்கள். அந்த வால்வுகளை இன்றும் சிலர் தேடிப்பிடித்து, வீட்டு ஆம்பிளிபயர்களில் பொருத்தி இசை கேட்கிறார்கள்.

வால்வு இயங்கும் விதம் மாணவர்களுக்குப் புதிதல்ல. ஐந்தாம் படிவ இயற்பியலில் 'பன்சாரான் தெர்மியோன்' என்று படிப்பது இதைத்தான். காற்று நீக்கப்பட்ட குழலுக்குள் ஒரு மின்னிழை சூடேறி ஒளிர்கிறது. பெரும்பாலான வால்வுகளில் இதற்கு 6.3 வோல்ட் போதும். சூடான எதிர்முனையிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களை நேர்முனைத் தகடு இழுக்கிறது. இடையில் இருக்கும் கம்பி வலையில் மின்னழுத்தம் சிறிது மாறினாலும், பாயும் மின்னோட்டம் பெரிதும் மாறும். ஒலிபெருக்கத்தின் இரகசியம் இதுவே.

வால்வின் ஒலி 'இதமானது' என்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஒற்றை வால்வு கொண்ட எளிய ஆம்பிளிபயரில், பாடும் சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயி சுரமும் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கும். அளவுகருவிக்கு அது பிழை, காதுக்கோ இனிமை. துல்லியம் என்று பார்த்தால் நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்பிளிபயரே முந்தும். இ.எல்.84 என்ற புகழ்பெற்ற வால்வு ஒன்று தருவது ஏறக்குறைய 5 வாட்தான். வீட்டு அறைக்கு அது போதும், திருவிழாவுக்குப் போதாது.

பழைய வால்வு வாங்குவோர் கண்ணாடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளிபோல் மின்னும் பூச்சு இருக்கும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு இனி உதவாது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. வீட்டுப் பரணில் தாத்தாவின் வானொலி கிடைத்தால், ஆர்வத்தில் உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த மின்தேக்கிகள் பழுதாகியிருக்கும், வெடிக்கவும் கூடும். வால்வின் தகட்டுக்குச் செல்லும் மின்னழுத்தம் 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஒருமுறை தொட்டாலே உயிர் போகலாம். அனுபவமுள்ள பழுதுபார்ப்பாளர் அருகில் இல்லாமல் பின்மூடியைத் திறக்கவே கூடாது.

மின்னணுவியலைக் கையால் கற்க விரும்பும் மாணவர்களுக்குப் பாதுகாப்பான வழி இருக்கிறது. கோலாலம்பூர் புடு வட்டாரத்தின் ஜாலான் பாசார் கடைகளில் உதிரிப்பாகங்கள் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய ட்ரான்சிஸ்டர் ஆம்பிளிபயரை முதலில் செய்து பாருங்கள். அதில் கை பழகட்டும். தாத்தாவின் வானொலி அதுவரை காத்திருக்கும்.