குடும்ப நுழைவிசைவில் வருவோருக்கான வதிவிட அனுமதி (ஜெர்மனி)

குடும்ப நுழைவிசைவில் (விசாவில்) ஜெர்மனி செல்லும் ஒருவர், அங்கு சென்று சேர்ந்த பின்னர் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பெறும் அட்டை வதிவிட அனுமதி ஆகும். நுழைவிசைவு நாட்டினுள் நுழைவதற்கும், தொடக்கத்தில் சில மாதங்கள் தங்குவதற்கும் மட்டுமே உரியது. அது காலாவதியாகும் முன் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் பணிபுரியும் தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் கணவன் அல்லது மனைவி, ஈழத்தமிழர்களின் இணையர் ஆகியோர் பெரும்பாலும் இவ்வழியிலேயே அங்கு குடியேறுகின்றனர்.

திருச்சிராப்பள்ளிப் பகுதி மக்களுக்குச் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் நடைமுறைகளே நன்கு பழக்கமானவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்ப விசாவில் இறங்கியதும் மருத்துவச் சோதனை, கைரேகை, அடையாள அட்டை என்று வேலை நடக்கும். சிங்கப்பூரில் சார்ந்திருப்போர் அனுமதிக்கான ஒப்புதல் பயணத்திற்கு முன்னரே கிடைத்துவிடும். ஜெர்மன் முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கு மருத்துவச் சோதனை இல்லை, நிறுவனமோ முகவரோ வேலையை முடித்துத் தரும் வழக்கமும் குறைவு. கணவனும் மனைவியும் தாங்களே அலுவலகம் அலுவலகமாகச் செல்லவேண்டும்.

சட்டப் பின்னணி

ஜெர்மன் அரசியலமைப்பின் (அடிப்படைச் சட்டத்தின்) 6-ஆம் பிரிவு திருமணத்திற்கும் குடும்பத்திற்கும் அரசின் பாதுகாப்பை உறுதி செய்கிறது. அதன் நடைமுறை விதிகள் 2005 சனவரி 1 முதல் செயற்பாட்டில் உள்ள வதிவிடச் சட்டத்தில் உள்ளன. இச்சட்டத்தின் 27 முதல் 36 வரையான பிரிவுகள் குடும்ப இணைவைப் பற்றியவை. 28-ஆம் பிரிவு ஜெர்மன் குடிமக்களின் குடும்பத்தினருக்கும், 30-ஆம் பிரிவு ஜெர்மனியில் வாழும் வெளிநாட்டவரின் கணவன் அல்லது மனைவிக்கும் உரியது. வதிவிட அட்டையில் இப்பிரிவின் எண் அச்சிடப்பட்டிருக்கும். தம் அட்டையில் எந்தப் பிரிவு உள்ளது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. பின்னாளில் எழும் கேள்விகள் பலவற்றுக்கு அந்த எண்ணே விடை தருகிறது.

2007 ஆகத்து மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், துணைவராக வருவோர் பயணத்திற்கு முன்பே தொடக்க நிலை (ஏ1) ஜெர்மன் மொழியறிவை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 2012-இல் அறிமுகமான நீல அட்டை உடையோரின் துணைவருக்கு இந்நிபந்தனை இல்லை. 2022-ஆம் ஆண்டு இறுதியில் பிற திறன்மிகு பணியாளர்களின் துணைவருக்கும் இவ்விலக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஒருவரின் மனைவிக்கு ஏ1 தேர்வு பொதுவாகக் கட்டாயம். இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்து குடிமகனான தமிழரின் மனைவி தேர்வு எழுதவேண்டும், சென்ற மாதம் நீல அட்டையுடன் போய்ச் சேர்ந்தவரின் மனைவிக்குத் தேவையில்லை என்பது விந்தையானதே. தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளைக் கொண்டது. தேர்ச்சிக்கு 100-க்கு 60 புள்ளிகள் வேண்டும். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தோர் இதற்காகச் சென்னையில் உள்ள மாக்ஸ்முல்லர் பவனுக்கோ கோயம்புத்தூரில் உள்ள கோத்தே மையத்திற்கோ செல்வது வழக்கம்.

ஊரிலேயே செய்யவேண்டியவை

வதிவிட அனுமதியில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஊரில் வாங்கிய ஆவணங்களிலேயே தொடங்குகின்றன. கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்திற்கு அழைப்பிதழும் ஒளிப்படமும் சான்றாகா. எடுத்துக்காட்டாக, தென்னூரில் திருமணம் செய்துகொண்டோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதனைப் பதிவு செய்து சான்றிதழ் பெறவேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு.

அடுத்தது பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்தே உண்டு. ஜெர்மன் படிவங்கள் யாவும் குடும்பப் பெயரைக் கேட்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும், திருமணச் சான்றிதழில் தலைப்பெழுத்துடனும், பட்டச் சான்றிதழில் தந்தை பெயர் விரிவாகவும் இருந்தால் மூவரும் ஒருவர்தாமா என்ற ஐயம் அலுவலருக்கு எழுகிறது. எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்குமாறு பயணத்திற்கு முன்பே திருத்திக்கொள்வது எளிது. போன பின்பு திருத்துவது கடினம். ஒருமுறை குடிப்பதிவேட்டில் ஏறிய பெயர் வங்கி, காப்பீடு, வரி என எல்லா இடத்திற்கும் பரவிவிடும்.

இந்தியா 2005-இல் அப்போசுடில் உடன்படிக்கையில் இணைந்தது. எனினும் ஜெர்மனி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்ததால், இரு நாடுகளுக்கும் இடையே அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. எனவே ஓர் ஆவணத்தின் உண்மைத்தன்மையில் ஐயம் எழுந்தால், ஜெர்மன் அலுவலகம் தூதரகத்தின் வழியாக ஊரிலேயே விசாரிக்கச் செய்யும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். முத்திரை குத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் முகவரிடம், அம்முத்திரையை யார் ஏற்பார் என்று முதலில் கேட்கவேண்டும்.

குடும்ப நுழைவிசைவு 'டி' வகையைச் சேர்ந்தது. மூன்று மாதங்கள் வரையான சுற்றுலா அல்லது வருகை விசாவில் ('சி' வகை) சென்று, அங்கிருந்தபடியே வதிவிட அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகின்றனர். பொதுவாக இது இயலாது. ஊருக்குத் திரும்பிச் சரியான நுழைவிசைவுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

வந்து சேர்ந்த பின்

முதல் வேலை குடிப்பதிவு. ஜெர்மனியில் எல்லோரும், ஜெர்மானியர் உட்பட, வீடு புகுந்த இரண்டு வாரத்திற்குள் தம் முகவரியை நகராட்சியில் பதியவேண்டும். இதனை 'அன்மெல்டுங்' என்பர். 2015 நவம்பர் முதல் வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதமும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. கணவர் முன்பே அங்கு குடியிருந்தாலும் புதிதாக வருபவர் பெயருக்குத் தனிக் கடிதம் வேண்டும் என்பதைப் பலர் கடைசி நாளிலேயே அறிகின்றனர். பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் அஞ்சலில் வரும். அதனால் அஞ்சல் பெட்டியில் இருவர் பெயரும் இருக்கவேண்டும். பெயர் இல்லையெனில் கடிதம் திரும்பிவிடும்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கணவரோ மனைவியோ அரசுசார் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத துணைவரைக் கூடுதல் சந்தா இன்றி அதிலேயே சேர்க்கலாம். தனியார் காப்பீடாயின் ஒவ்வொருவருக்கும் தனிச் சந்தா உண்டு. காப்பீட்டுச் சான்று இன்றி வதிவிட அனுமதி கிடைக்காது.

இதன்பின் வெளிநாட்டவர் அலுவலகம். நுழைவிசைவு விண்ணப்பத்தின்போதே சென்னைத் துணைத்தூதரகம் இவ்வலுவலகத்தின் கருத்தைக் கேட்டிருக்கும் என்பதால், கோப்பு பெரும்பாலும் அங்கு ஏற்கெனவே இருக்கும். இருப்பினும் கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும், குடிப்பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, துணைவரின் சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் மூலங்களைக் கையில் கொண்டு செல்லவேண்டும். வீட்டின் பரப்பளவும் பார்க்கப்படும். நடைமுறை விதிகளின்படி ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 சதுர மீட்டர் போதுமானது. 2024 மார்ச் முதல் திறன்மிகு பணியாளர்களின் துணைவருக்கும் குழந்தைகளுக்கும் இந்த இடநிபந்தனை நீக்கப்பட்டது. ஒளிப்படம் 2025 மே முதல் எண்ணிம வடிவில் மட்டுமே ஏற்கப்படுகிறது. எனவே ஊரிலிருந்து அச்சிட்டுக் கொண்டுபோகும் படங்கள் இதற்குப் பயன்படா.

முதல் அனுமதிக்கான கட்டணம் 100 யூரோ. 2011 செப்டம்பர் 1-க்கு முன்னர் அனுமதி கடவுச்சீட்டில் ஒட்டியாக ஒட்டப்பட்டது. அதன்பின் கைரேகை பதிந்த சில்லு கொண்ட அட்டையாக வழங்கப்படுகிறது. ஆறு வயது முதல் கைரேகை எடுக்கப்படும். அட்டைகள் பெர்லினில் உள்ள கூட்டாட்சி அச்சகத்தில் அச்சிடப்படுவதால் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அட்டையின் காலம் துணைவரின் அனுமதிக் காலத்தையோ தம் கடவுச்சீட்டின் காலத்தையோ தாண்டாது. ஓராண்டில் முடியும் கடவுச்சீட்டுடன் செல்பவர் ஓராண்டு அட்டையையே பெறுவார். புதுப்பித்துவிட்டுப் பயணம் செய்வதே சிக்கனம்.

வேலை செய்யும் உரிமை 2013 செப்டம்பர் முதல் குடும்ப இணைவில் வரும் எல்லோர்க்கும் உண்டு. அதற்கு முன்னர் அது துணைவரின் நிலையைப் பொறுத்திருந்தது. அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட்' என்று தொடங்கும் வரி இவ்வுரிமையைக் குறிக்கிறது.

சந்திப்பு நாள் கிடைக்காவிட்டால்

பெருநகரங்களில் சந்திப்பு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு. நுழைவிசைவு முடியும் நாள் நெருங்க நெருங்கப் பதற்றம் மிகும். இங்குச் சட்டம் விண்ணப்பதாரரின் பக்கமே நிற்கிறது. 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி, நுழைவிசைவு காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகக் கருதப்படும். இதற்குச் சான்றாக வழங்கப்படும் தாளுக்கு 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்று பெயர், கட்டணம் 13 யூரோ. இத்தாளில் 4-ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் இந்தியா சென்று திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவாயின் வெளியேறினால் திரும்ப இயலாது. விமானச் சீட்டு எடுக்கும் முன் எந்தக் கட்டத்தில் குறி இடப்பட்டுள்ளது என்று பார்ப்பது கட்டாயம்.

ஆகவே முக்கியமானது சந்திப்பு நாள் அன்று, விண்ணப்ப நாளே. இணையப் படிவமோ பதிவு அஞ்சலோ எதுவாயினும், உரிய நாளுக்கு முன் அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் இப்பாதுகாப்பை நம்பியிருக்க இயலாது.

தாய்வீட்டுப் பேறுகாலமும் ஆறு மாத விதியும்

முதல் பேற்றுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குச் செல்வது தமிழர் வழக்கம். குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துத் திரும்பினால் ஆறு மாதம் எளிதில் ஆகிவிடும். ஜெர்மனியை விட்டு வெளியேறி ஆறு மாதத்திற்குள் திரும்பாதவரின் வதிவிட அனுமதி 51-ஆம் பிரிவின்படி தானாகவே இழக்கப்படுகிறது. அறிவிப்போ ஆணையோ வராது. அட்டையில் அச்சிட்ட தேதி இன்னும் இரண்டாண்டு தள்ளி இருந்தாலும் பயனில்லை. நீல அட்டை உடையோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இக்காலம் 12 மாதங்கள். மற்றவர்கள் புறப்படும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீண்ட காலக்கெடு கேட்டுப் பெறலாம்.

இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டும் தனி நுழைவிசைவும் தேவை. அதற்காகும் நாட்களும் ஆறு மாதக் கணக்கிலேயே ஓடும். ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்திற்குள் அங்கேயே விண்ணப்பித்தால் போதும். பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டுகள் (2024 சூன் 27-க்கு முன் எட்டு ஆண்டுகள்) சட்டப்படி வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றிருந்தால் குழந்தை பிறப்பாலேயே ஜெர்மன் குடிமகன் ஆகும்.

மணமுறிவும் தனி உரிமையும்

குடும்ப அனுமதி மணவாழ்வைச் சார்ந்தது. இருவரும் பிரிந்து வாழத் தொடங்கினால் அதன் அடிப்படையே போய்விடுகிறது. ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மட்டுமே 31-ஆம் பிரிவின்கீழ் துணைவருக்குத் தனி உரிமை பிறக்கிறது. 2011 சூலைக்கு முன் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. கட்டாயத் திருமணங்களையும் போலித் திருமணங்களையும் தடுக்கக் காலம் கூட்டப்பட்டதாக அரசு கூறியது. அடிவாங்கும் மனைவி மேலும் ஓராண்டு பொறுத்திருக்க நேரும் என்று எதிர்த்தோர் வாதிட்டனர்.

இதற்கு விலக்குகள் உண்டு. துணைவர் இறந்துவிட்டால் மூன்றாண்டு நிபந்தனை இல்லை. வீட்டு வன்முறை போன்ற கடுமையான துன்பம் இருந்தாலும் அக்காலத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. 'போலீசிடம் போனால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்' என்ற மிரட்டல் இதனால் உண்மையன்று. மருத்துவச் சான்று, காவல்துறை அறிக்கை, பெண்கள் காப்பகத்தின் கடிதம் ஆகியவை உதவும். 116 016 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவித் தொலைபேசி நாள் முழுவதும் கட்டணமின்றி இயங்குகிறது. ஜெர்மன் அல்லாத மொழிகளில் பேச மொழிபெயர்ப்பாளரையும் அவர்கள் இணைப்பில் சேர்ப்பர். கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் அவரவர்க்கே உரியவை, அவற்றைக் கணவரோ மாமியாரோ வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

தனி உரிமை முதலில் ஓராண்டுக்கு வழங்கப்படும். அவ்வாண்டில் அரசு உதவித்தொகை பெற்றாலும் அனுமதி மறுக்கப்படுவதில்லை. அதன்பின் நீட்டிக்கத் தம் வருவாயில் வாழ்வதைக் காட்டவேண்டியிருக்கும் என்பதால், வந்த முதல் ஆண்டிலேயே மொழி வகுப்பில் சேர்ந்துவிடுவது நன்று. அரசு ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைவு வகுப்பு பொதுவாக 600 மணி மொழிப்பாடமும் 100 மணி நாட்டறிமுகமும் கொண்டது.