மெயில் பேக்கப் திறக்கலையா? ஸ்கேன்பிஎஸ்டி கதை

கள்ளக்குறிச்சியில இருக்கிற என் சித்தப்பா, கல்வராயன் மலையில புளி, கடுக்காய் வாங்கி வெளியூருக்கு விற்கிறவர். மலைமேல சிக்னல் கிடைக்காதுன்னு மெயிலை எல்லாம் பாப்3 முறையில லேப்டாப்புக்கே இறக்கிடுவார். அவர் வச்சிருந்த செட்டிங்கில, இறக்கினதும் சர்வர்ல இருந்து அழிஞ்சிடும். விண்டோஸ் மறுபடி போட்ட பிறகு மிஞ்சினது பென்டிரைவ்ல இருந்த ஒரே பிஎஸ்டி ஃபைல். அதுவும் திறக்கல. யார் எவ்வளவு பாக்கின்னு எல்லாம் அதுக்குள்ளதான். "போச்சாடா?"ன்னு கேட்டார்.

முதல்ல அந்த ஃபைலை காப்பி எடுத்தேன். கை வைக்கிறது காப்பியில மட்டும்தான். அவுட்லுக் கூடவே ஸ்கேன்பிஎஸ்டின்னு ஒரு டூல் வரும். ஸ்டார்ட் மெனுவுல தேடாதீங்க, ஆஃபிஸ் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ஃபைலோட உள் அட்டவணை சிதைஞ்சிருந்தா அதைத் திருப்பிக் கட்டும். ஒரு தடவை ஓட்டினா பெரும்பாலும் பத்தாது. பிழை இல்லைன்னு சொல்ற வரைக்கும் ஓட்டணும்.

நாலாவது தடவை திறந்துச்சு. பாதி மெயில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டர்ல குவிஞ்சு கிடந்தது. சில பில்கள் வரவே இல்ல. தண்டர்பேர்டா இருந்தா இவ்வளவு பாடு இல்ல. அதோட எம்பாக்ஸ் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். கெட்டுப்போனாலும் நோட்பேடுல திறந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

சித்தப்பா அன்னைக்கு ராத்திரியே பாக்கி லிஸ்ட்டை நோட்டுல எழுத உட்கார்ந்துட்டார்.